அமைதிப்படையும் நிஜ அமாவாசைகளும்

தேர்தல் வந்துவிட்டால் போதும், டீக்கடையில் யாராவது ஒருவர் 'அமைதிப்படை' படத்தை இழுத்துவிடுவார். உத்தமபாளையம், அனுமந்தன்பட்டி, கம்பம் என்று பள்ளத்தாக்கின் எந்த ஊருக்குப் போனாலும் இதே கதைதான். யாராவது திடீரென்று பெரிய ஆளாகிவிட்டால் உடனே "அமாவாசை" என்று பட்டப்பேரும் வைத்துவிடுவார்கள்!

1994-ல் மணிவண்ணன் இயக்கி, சத்யராஜ் நடித்த படம் அது. இசை, இதே உத்தமபாளையம் வட்டாரத்துப் பண்ணைப்புரத்துக்காரரான இளையராஜா. கோயிலில் உடைக்கும் தேங்காயைப் பொறுக்கித் திரிகிறவன் அமாவாசை. தன் கைக்கு அடக்கமாக ஓர் ஆள் வேண்டும் என்று நினைக்கும் ஒரு அரசியல்வாதி (மணிவண்ணனே நடித்திருப்பார்) அவனைத் தேர்தலில் நிறுத்திவிடுகிறார்.

ஓட்டு எண்ணும் காட்சியை மறக்கவே முடியாது. முதலில் நாற்காலி நுனியில் பவ்யமாக உட்கார்ந்திருப்பான் அமாவாசை. முன்னிலை ஏற ஏற, கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் சாய்வான். கடைசியில் கால்மேல் கால்! நிறுத்திவைத்தவரின் நிலைமையோ அப்படியே தலைகீழ். அதன்பிறகு அவன் அமாவாசை இல்லை, நாகராஜசோழன் எம்.ஏ. 2013-ல் அந்தப் பெயரிலேயே அடுத்த பாகமும் வந்தது. அதே வருடம்தான் மணிவண்ணன் மறைந்தார்.

சரி, இந்தச் சிரிப்பு வந்த காலத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். 1994-ல் தமிழ்நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட பேரூராட்சித் தலைவரோ, ஊராட்சித் தலைவரோ ஒருவர்கூட இல்லை. உள்ளாட்சித் தேர்தல் 1986-ல் நடந்தது. 1991-ல் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 1996 அக்டோபரில்தான். இடையில் தனி அலுவலர்கள் ஆட்சி. அதற்குள் 1993-ல் 73, 74-வது அரசியல் சட்டத் திருத்தங்கள் அமலுக்கு வந்திருந்தன. பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டவர்களுக்கும் தலைவர் பதவிகளிலும் இடஒதுக்கீடு கட்டாயம் ஆனது. அதுவரை அந்த நாற்காலிக்குப் பக்கத்தில்கூட வர முடியாதவர்கள், சட்டப்படி அதில் உட்கார வேண்டிய நேரம் வந்தது.

அப்போதுதான் படத்தில் பார்த்த அந்த டம்மி வேட்பாளர் நிஜத்தில் வந்தார். ஆனால் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

தேனியிலிருந்து ஆண்டிபட்டி கணவாயைத் தாண்டினால் உசிலம்பட்டி. அந்தப் பகுதியில் உள்ள பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகள் 1996-ல் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டன. ஆதிக்க சாதியினர் அதை ஏற்கவில்லை. பத்து வருடம் அங்கே தேர்தல் என்பது பெயருக்குத்தான். ஒன்று, யாரும் மனு போட முடியாது. இல்லையென்றால் சொன்னதைக் கேட்கிற ஒருவரை நிறுத்துவார்கள். அவர் ஜெயித்ததும் உடனே ராஜினாமா செய்துவிடுவார். நாற்காலி மறுபடி காலி.

மதுரைக்கு அந்தப் பக்கம் மேலூர் அருகே மேலவளவு. அதுவும் அதே ஒதுக்கீட்டு ஊராட்சிதான். அங்கே முருகேசன் என்பவர் மிரட்டலை மீறி நின்றார், ஜெயித்தார், ராஜினாமாவும் செய்யவில்லை. 1997 ஜூன் 30 அன்று பேருந்தில் ஊர் திரும்பும்போது அவரும் உடன் வந்தவர்கள் சிலரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள்.

இதைத் தெரிந்துகொண்டு மறுபடி அந்த ஓட்டு எண்ணும் காட்சியைப் பார்த்தால் ஒன்று உறுத்தும். ஒன்றுமில்லாத ஒருவன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தால் அவன் கெட்டவனாகிவிடுவான் என்கிறது படம். பதவி மனிதனைக் கெடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் நம் ஊர்களில் நடந்த அநியாயம் வேறு. ஒன்றுமில்லாதவர்களை நுனியிலேயே உட்கார வைத்தார்கள், சாய்ந்து உட்கார நினைத்தவரைக் கொன்றார்கள்.

பாப்பாபட்டி உள்ளிட்ட மூன்று ஊர்களிலும் 2006 அக்டோபரில்தான் முறையாகத் தேர்தல் நடந்து, தலைவர்கள் பதவியில் நீடித்தார்கள். அதற்காக அரசு சென்னையில் 'சமத்துவப் பெருவிழா' என்று விழாவே எடுத்தது. ஒரு ஊராட்சித் தலைவர் பதவியில் நீடிப்பதற்கே விழா எடுக்க வேண்டியிருந்தது என்றால், அதற்கு முந்தைய பத்து வருடம் எப்படி இருந்திருக்கும்!

சொத்தைப் பினாமி பெயரில் வாங்குவதை 1988-லேயே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். பதவிக்கு அப்படி ஒரு சட்டம் கிடையாது. உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத ஒதுக்கீடு என்று 2016-ல் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது. ஆனால் தலைவி பெயரில் கணவர் ஆட்சி நடத்தும் ஊர்கள் இன்றும் உண்டு.

அடுத்த தடவை டிவியில் 'அமைதிப்படை' போட்டால் தாராளமாகச் சிரிக்கலாம். படம் முடிந்ததும் அவரவர் ஊர் அலுவலகத்தில் யார் நுனியில் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம்.