மாலுமியும் உரிமமும்



படகு ஓட்டுவதற்கு ஒரு பயிற்சி, ஒரு தேர்வு, பிறகு ஓர் உரிமம் என்றால், ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்த பெரியவர்கள் சிரிப்பார்கள். "நீந்தக் கற்றபோதே துடுப்புப் பிடித்தவன் நான், எனக்கு எதற்குத் தேர்வு?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு வரலாறு என்ன விடை தருகிறது என்று இன்று பார்ப்போம்.

முதலில் ஒரு சொல்லைக் கவனியுங்கள். 'மாலுமி' என்று நாம் சொல்கிறோம். மலாய்க்காரர்கள் 'மாலிம்' என்பார்கள். இரண்டும் 'முஅல்லிம்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்தவை. அதன் பொருள் கற்பிப்பவர், ஆசிரியர் என்பதாகும். ஆக, கப்பலுக்கு வழிகாட்டுபவன் கற்றறிந்தவனாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் அந்தப் பெயரிலேயே அடங்கியிருக்கிறது. நம்முடைய 'கப்பல்' என்னும் சொல்லும் மலாய் மொழியில் 'காப்பால்' என்று வழங்குவதை நேயர்கள் அறிவீர்கள். சரக்கோடு சொற்களும் கடல் கடந்த காலம் அது.

அந்தக் காலத்தில் இப்பகுதியின் பெரிய துறைமுகம் மலாக்கா. 1488 முதல் 1511 வரை அங்கே அரசாண்ட சுல்தான் மாமுட் ஷாவின் நாளில், அனுபவம் மிக்க நகோடாக்கள், அதாவது கப்பல் தலைவர்கள், கடல் வழக்கங்களைத் தொகுத்து அரசரின் ஒப்புதலைப் பெற்றனர். மலாக்காக் கடற்சட்டம் என்று அது பெயர் பெற்றது. கப்பலில் நகோடா அரசரைப் போன்றவர். சுக்கான் பிடிக்கும் ஜுருமுடி முதலமைச்சராகிய பெண்டஹாராவைப் போன்றவர். நங்கூரத்தையும் நீரின் ஆழத்தையும் கவனிக்கும் ஜுருபாத்து, காவல் அதிகாரியாகிய தெமெங்கோங்கைப் போன்றவர் என்று அச்சட்டம் வகுத்தது. புயலில் சரக்கைக் கடலில் எறிய நேர்ந்தால், அந்த இழப்பை எல்லாரும் அவரவர் பொருளுக்கு ஏற்பப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்றும் விதித்தது.

1511இல் மலாக்கா போர்த்துக்கீசியர் கையில் விழுந்தபோது, அரச குடும்பத்தார் பின்வாங்கிய வழி மூவார் ஆற்று வழியே ஆகும். பாகோவும் பெந்தாயானும் அந்த வரலாற்றில் இடம்பெறும் ஊர்கள். பிற்காலத்தில் ஜொகூர் சுல்தான் அபு பக்காரின் ஆட்சியில் ஆற்றின் கழிமுகத்தில் பண்டார் மகாராணி என்னும் நகரம் எழுந்தது. 1960களில் சுல்தான் இஸ்மாயில் பாலம் அமையும்வரை, அக்கரையிலுள்ள தஞ்சோங் அகாசுக்குப் போக வேண்டியவர்கள் ஆற்றைப் படகுத்துறையில்தான் கடந்தார்கள். படகு ஓட்டுபவரின் கையை நம்பித்தான் அந்த ஊர் நடந்தது.

பழைய சட்டம் சிறந்ததுதான். ஆனால் அதில் ஒரு குறை உண்டு. யார் பொறுப்பு, தவறினால் என்ன தண்டனை என்று அது சொன்னது. சுக்கானைப் பிடிக்கும் முன்னரே ஒருவரின் திறமையைச் சோதித்துச் சான்று தரும் ஏற்பாடு பின்னர்தான் வந்தது. பிரிட்டனில் 1850ஆம் ஆண்டின் சட்டம், வெளிநாடு செல்லும் கப்பல்களின் தலைவர்களும் துணைவர்களும் தகுதிச் சான்றிதழ் பெற வேண்டும் என்று கட்டாயமாக்கியது. 1912இல் டைட்டானிக் மூழ்கியது. அதன் விளைவாக 1914இல் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான முதல் உலக உடன்படிக்கை பிறந்தது. மோதலைத் தடுக்கும் உலகப் பொது விதிகள் 1972இல் வகுக்கப்பட்டு, 1977இல் நடைமுறைக்கு வந்தன.

இவை பெரிய கப்பல்களின் கதை, சிறு படகுக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். இங்கேதான் இயந்திரம் குறுக்கிடுகிறது. 1909இல் ஓலே எவின்ரூட் என்பவர், படகின் பின்புறத்தில் மாட்டிக்கொள்ளும் மோட்டாரை வெற்றிகரமாக விற்பனைக்குக் கொண்டுவந்தார். துடுப்புக் காலத்தில் வேகம் என்பது பல ஆண்டுப் பழக்கத்தின் பலன். வேகம் கூடுவதற்குள் ஆற்றின் நீரோட்டமும், மணல்திட்டும், ஏற்ற வற்றமும் தாமாகவே மனத்தில் பதிந்துவிடும். மோட்டார் வந்த பிறகோ, நேற்று வந்தவனும் இன்று கயிற்றை இழுத்துப் பறந்து போகலாம். வேகம் முதலில் வந்துவிடுகிறது. அறிவு பின்னால் வர வேண்டியிருக்கிறது. அந்த இடைவெளியை நிரப்புவதுதான் பயிற்சி.

மலேசியாவில் 1952ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டம் இத்துறைக்கு அடித்தளமிட்டது. 1985ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டம் மீன்பிடிப் படகுகளுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. கடல்துறை இலாகா படகுகளையும் அவற்றைச் செலுத்துவோரின் தகுதியையும் கவனித்து வருகிறது.

பயிற்சியில் கற்பவை கடினமானவை அல்ல. எதிரெதிரே வரும் இரண்டு இயந்திரப் படகுகளும் தத்தம் வலப்புறம் திரும்பி விலக வேண்டும். ஒரு குறுகிய ஊதல் வலப்புறம் திரும்புவதையும், இரண்டு இடப்புறம் திரும்புவதையும், மூன்று இயந்திரம் பின்னோக்கி இயங்குவதையும் அறிவிக்கும். ஓட்டுபவர் தவறி விழுந்தால் மோட்டார் நிற்கும்படி, அதன் பாதுகாப்புக் கயிற்றை உடலோடு மாட்டிக்கொள்ள வேண்டும். அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றக் கூடாது. உயிர்காப்பு அங்கி இருக்கைக்கு அடியில் கிடக்கக் கூடாது; உடம்பில் இருக்க வேண்டும்.

இவற்றை மறந்தால் என்ன ஆகும்? 2011ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று, சென்னைக்கு வடக்கே பழவேற்காடு ஏரியில் உல்லாசமாகப் படகில் சென்றவர்களில் 22 பேர் மாண்டனர். 2023 மே 7ஆம் நாள் கேரளத்தின் தானூரில், அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து மேலும் 22 பேர் இறந்தனர். அவர்களுள் பலர் குழந்தைகள். இரண்டுமே கரைக்கு வெகுதூரத்தில் நடந்தவை அல்ல.

இப்போது நம் பெரியவரின் கேள்விக்கு வருவோம். ஐயா, ஆற்றை நீங்கள் அறிவீர்கள், அதில் ஐயமில்லை. ஆனால் எதிரே வருபவன் உங்களை அறிய மாட்டான். இருவரும் ஒரே விதியைக் கற்றிருந்தால்தான், முன்பின் பாராத இருவர் இருட்டில் மோதாமல் விலக முடியும். உங்கள் அனுபவத்தை உரிமம் குறைத்து மதிப்பதில்லை. உங்கள் படகில் ஏறும் குழந்தையின் தாய்க்கு அது ஓர் உறுதிமொழி. பழைய நகோடாக்களும் தங்கள் அனுபவத்தைத் தங்களோடு வைத்துக்கொள்ளாமல், எல்லாருக்கும் பொதுவான சட்டமாக்கித் தந்தார்கள் அல்லவா?

மாலுமி என்றால் ஆசிரியர் என்று பார்த்தோம். ஆசிரியராகும் முன் எவரும் மாணவராக இருந்தே தீர வேண்டும். மூவார் ஆற்றிலோ வேறெந்த நீரிலோ படகில் காலெடுத்து வைக்கும் நேயர்கள், ஓட்டுபவரிடம் உரிமம் உண்டா, அங்கி உண்டா என்று தயங்காமல் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.