அம்மச்சியும் தம்பிமாரும்: திருவிதாங்கூர் அரசரின் துணைவியர் பற்றிய ஒரு நோக்கு

துருக்கியின் உதுமானியப் பேரரசில் அடிமைப் பெண்ணாக அரண்மனை புகுந்த குர்ரம், சுல்தான் சுலைமானின் முறையான மனைவியானாள். அவள் 1558இல் மறைந்தாள். எட்டாண்டுகளுக்குப் பின் அவள் மகன் இரண்டாம் சலீம் அரியணை ஏறினான். சலீமின் துணைவி நூர்பானு, தன் மகன் மூன்றாம் முராதின் ஆட்சியில் 1574 முதல் 1583 வரை அரசத் தாயாக விளங்கிப் பெருஞ்செல்வாக்குச் செலுத்தினாள். அங்கே அரசனின் துணைவிக்கு ஏற்றம் தந்தது அவள் பெற்ற மகன். மகன் அரசனாக முடியாத நாட்டில் அத்துணைவியின் நிலை யாது என்னும் வினாவுக்குத் திருவனந்தபுரத்துக் கோட்டைப் பகுதியின் அம்மவீடுகள் விடை தருகின்றன.

திருவிதாங்கூர் அரசகுலம் மருமக்கத்தாய முறையைப் பின்பற்றியது. அரசனுக்குப் பின் அவன் உடன்பிறந்தானோ உடன்பிறந்தாளின் மகனோ பட்டம் பெறுவான். ஆகவே இராணி என்னும் பெயர் அரசனின் உடன்பிறந்தாளுக்கும் அவள்வழிப் பெண்களுக்கும் உரியது, மனைவிக்கு உரியதன்று. 1810இல் ஆட்சிப் பொறுப்பேற்ற கௌரி இலட்சுமி பாயியும், அவருக்குப் பின் 1829 வரை ஆட்சியை நடத்திய கௌரி பார்வதி பாயியும் உடன்பிறந்தவர்கள். இருவரும் எந்த அரசனுக்கும் மனைவியர் அல்லர். அரசனின் மனைவி ‘பானப்பிள்ளை அம்மச்சி’ எனப்பட்டாள். தமிழகத்தின் சில பகுதிகளில் அம்மச்சி என்றால் தாயைப் பெற்ற பாட்டி. இவ்வரண்மனை வழக்கில் அச்சொல் வேறு பொருள் கொண்டது.

அம்மச்சிமார் அருமனை, வடசேரி, நாகர்கோவில், திருவட்டாறு என்னும் நான்கு அம்மவீடுகளைச் சார்ந்தவர்கள். இந்நான்கு ஊர்களும் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளன. அரசின் பழைய இருக்கை பத்மநாபபுரமாக இருந்ததை எண்ணினால் இதில் வியப்பில்லை. அரசவை திருவனந்தபுரத்துக்குப் பெயர்ந்தபோது இவ்வீடுகளும் ஊர்ப்பெயரைச் சுமந்துகொண்டு கோட்டைக்குள் குடியேறின. பிற குடியில் பிறந்த பெண்ணை அரசன் விரும்பினால், அவளை முதலில் இவ்வீடுகளுள் ஒன்றில் தத்தெடுத்துச் சேர்ப்பர். பட்டும் பரிவட்டமும் அளித்தலே திருமணச் சடங்கு. அம்மச்சிக்கு மாளிகையும் நிலமும் உண்டு. அரசனோடு பொதுவிடத்தில் தோன்றும் உரிமை இல்லை. உடன் அமர்ந்து உண்ணும் உரிமையும் இல்லை. இதனை மணம் என்பதா, உறவு என்பதா என்று அயல்நாட்டார் குழம்பினர். மருமக்கத்தாயக் குடிகளில் கணவன் வீடு புகுதல் மனைவியின் நிலைக்கு அளவுகோல் அன்று என்பதை அவர்கள் கருதவில்லை. எனினும், மாளிகை தந்து மதிப்பை மறுத்த ஏற்பாடு இது என்பதையும் மறைக்க இயலாது.

அம்மச்சியின் ஆண்மக்கள் ‘தம்பி’, பெண்மக்கள் ‘தங்கச்சி’ எனப் பட்டம் பெற்றனர். தந்தையின் அரியணைக்கு அயலாராகிவிட்ட மக்களுக்கு உடன்பிறப்பின் பெயரையே பட்டமாக அளித்தது நோக்கத்தக்கது. சுவாதித் திருநாள் குழந்தையாக இருந்தபோது அவருக்காக ‘ஓமனத் திங்கள் கிடாவோ’ என்னும் தாலாட்டை இயற்றிய இரயிம்மன் தம்பி, அரசகுல இளவரசர் ஒருவரின் மகள் வயிற்றுப் பேரன். ஆளப்பிறந்த மருமகனுக்கு ஆளும் உரிமையற்ற கிளையிலிருந்து தாலாட்டு வந்தது.

எல்லாத் தம்பிமாரும் இவ்வாறு அமைந்துவிடவில்லை. மார்த்தாண்ட வர்மாவுக்கு முன் 1729 வரை ஆண்ட இராம வர்மாவின் துணைவி அபிராமி. அவள் பிறப்பிடம் குறித்து வழங்கும் கதைகள் ஒன்றோடொன்று பொருந்துவன அல்ல. அவள் மக்கள் பப்புத் தம்பி, இராமன் தம்பி ஆகிய இருவரும் உம்மிணித் தங்கச்சியும் ஆவர். தந்தை இறந்தபின் தம்பிமார் அரசுரிமை கோரினர். எட்டுவீட்டுப் பிள்ளைமாரோடு சேர்ந்தனர். மதுரைப் படையின் துணையையும் நாடினர். மார்த்தாண்ட வர்மா தம் ஆட்சியின் தொடக்க ஆண்டுகளில் இருவரையும் கொன்றார்.

சங்குண்ணி மேனோன் 1878இல் வெளியிட்ட திருவிதாங்கூர் வரலாற்றில் தம்பிமார் சூழ்ச்சிக்காரராகவே காட்சியளிக்கின்றனர். சி. வி. இராமன் பிள்ளையின் ‘மார்த்தாண்டவர்மா’ புதினம் (1891) அப்படிமத்தைப் படித்தோர் உள்ளத்தில் நிலைநிறுத்தியது. தென் திருவிதாங்கூரில் தமிழில் வழங்கும் தம்பிமார் கதை நிகழ்ச்சியை வேறு கோணத்தில் பார்க்கிறது. அரசன் தங்கச்சியைப் பெண் கேட்கிறான். அவள் வயிற்றுப் பிள்ளைக்கு அரசுரிமை தருவதானால் சம்மதம் என்பது தம்பிமார் வைக்கும் நிபந்தனை. அதனால் பகை மூள்கிறது. தமையன்மார் கொலையுண்டபின் தங்கையும் உயிர் துறக்கிறாள். பெண் கேட்ட நிகழ்ச்சி உண்மையாக நடந்ததா என்பதைக் கதைப்பாடலை மட்டும் கொண்டு நிறுவ முடியாது. ஆயினும் பாடல் முன்வைக்கும் நிபந்தனை கற்பனையானாலும் பொருளற்றதன்று. மருமக்கத்தாயத்துக்கு எதிராக மக்கத்தாயத்தை நிறுத்துகிறது அது. அக்கம்பக்கத்து நாடாரும் மறவரும் தந்தைவழி உரிமையை அறிந்தவர்கள். தந்தையின் உடைமை மகனைச் சேராதது அவர்தம் செவிக்கு அநீதியாக ஒலித்திருக்கும். அம்மச்சி மக்களின் தரப்பு அரசாவணங்களில் இடம்பெறாமல் தென்னாட்டுப் பாடலில் தங்கியதற்கு இது காரணமாகலாம். இக்கதைப்பாடலை நாட்டுப்புற இலக்கியமாக மட்டும் கருதி, வரலாற்றாய்வாளர் ஒதுக்குவது முறையன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரசுரிமைப் பூசல் ஓய்ந்தது. அம்மச்சிமார் கலையோடு தொடர்புடையோராக அறியப்பட்டனர். தஞ்சைப் பின்புலம் கொண்ட சுந்தரலட்சுமி அம்மாளைச் சுவாதித் திருநாள் மணந்தார். ஊர்வழக்கு அவரைச் சுகந்தவல்லி என்னும் நாட்டியக் கலைஞராகவே நினைவுகூர்கிறது. தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவும் இவ்வரசவையில் விளங்கியவர். ஆயில்யம் திருநாளின் (1860–1880) துணைவி நாகர்கோவில் அம்மச்சி கல்யாணிப் பிள்ளை, இசையும் கவிதையும் பயின்றவர்.

1912, 1925ஆம் ஆண்டுகளின் நாயர் சட்டங்கள் மனைவி மக்களின் உரிமையை ஏற்று, மருமக்கத்தாயக் கூட்டுக்குடும்பத்தைத் தளர்த்தின. அரசகுலத்தின் பட்டமுறையை அவை தொடவில்லை. 1924இல் மூலம் திருநாள் மறைந்தார். அவருக்குப் பின் பட்டமேற்ற சித்திரைத் திருநாள் 1991இல் மறையும் வரை மணம் புரியவில்லை. எனவே ஆளும் அரசரின் அம்மச்சி என்னும் நிலை மூலம் திருநாள் காலத்தோடு நின்றது. 1956இல் நவம்பர் முதல் நாள் அருமனை, திருவட்டாறு, வடசேரி, நாகர்கோவில் ஆகியன தமிழகத்தோடு இணைந்தன. அவ்வூர்ப்பெயர் தாங்கிய வீடுகள் கேரளத் தலைநகரில் தங்கிவிட்டன.