அட்டையில் விழுந்த ஓட்டை

ஆரணிப் பக்கம் பட்டு நெய்யும் வீடுகளில் தறிக்கு மேலே ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து நூலில் கோத்த அட்டைகள் வரிசையாகத் தொங்கும். மிதியை அழுத்தும்போதெல்லாம் ஓர் அட்டை முன்னுக்கு வரும். ஓட்டை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும். அதோடு பிணைந்த பாவு இழை மேலே எழும். ஓட்டை இல்லாத இடத்தில் இழை கீழேயே கிடக்கும். பார்டரில் வரும் மயிலும் மாங்காயும் இந்த ‘உண்டு, இல்லை’ கணக்கில் பிறந்தவைதான். ஜக்கார்டு பெட்டி என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அட்டை குத்துவது ஒரு தனித் தொழில். ஆனால் அந்த அட்டையின் உறவுமுறையைத் தேடிப் போனால், ரேஷன் கடையில் விரல் வைக்கும் கருவியும், அரசு ஒட்டுக்கேட்கும் தொலைபேசியும் சொந்தக்காரர்களாக வந்து நிற்கின்றன.

பிறந்த வீடு லியோன், பிரான்சின் பட்டு நகரம். அங்கே பூ வேலைக்கு நெசவாளர் ஒருவர் போதாது. இழைகளைத் தூக்கிக் கொடுக்கக் கயிறு இழுக்கும் சிறுவன் வேண்டும். பையன் ஒரு கயிற்றை மாற்றி இழுத்தால் பூ கோணிவிடும். 1725-ல் பஸீல் பூஷோன் என்பவர் காகிதச் சுருளில் ஓட்டை போட்டு, எந்த இழை எழ வேண்டும் என்று தறிக்கே சொல்லிவிட்டார். அவர் ஆர்கன் வாத்தியம் செய்பவரின் மகன். வாத்திய உருளையில் ஆணி அடிக்கும் இடங்களைக் காகிதத்தில் குறித்துக்கொள்வது அப்பாவின் தொழில் வழக்கம். மகன் அதைத் தறிக்குக் கொண்டுவந்தார். காகிதம் சீக்கிரம் கிழியும். ஆகவே 1728-ல் ஃபால்கோன் அதை அட்டைகளாக வெட்டிக் கோத்தார். இயந்திர வாத்து செய்து பெயர் வாங்கிய வோகான்சோன் 1745-ல் ஒரு தானியங்கித் தறி செய்தார். அது பாரிஸில் கேட்பாரற்றுக் கிடந்தது. அரை நூற்றாண்டுக்குப் பின் அதைத் தூசி தட்டிப் படித்த ஜோசப் மரி ஜக்கார், 1804-ல் முன்னோர் யோசனைகளைச் சேர்த்துப் பெட்டியை முடித்தார். பெயர் அவருக்குப் போய்ச் சேர்ந்தது. நெப்போலியன் அரசு அதைப் பொதுச் சொத்தாக்கி, ஒவ்வொரு தறிக்கும் அவருக்கு 50 பிராங்க் கொடுத்தது. லண்டன் பட்டு முதலாளி ஸ்டீபன் வில்சனோ 1820-களின் தொடக்கத்தில் பிரான்சுக்கு உளவாள் அனுப்பி இயந்திரத்தின் சூட்சுமத்தை அறிந்துகொண்டார். பிற்காலத்தில் உளவுக்குப் பயன்படப்போகும் பொருள், தானே உளவு பார்க்கப்பட்டுத்தான் கடல் தாண்டியிருக்கிறது.

1839-ல் ஜக்காரின் உருவத்தையே பட்டில் நெய்தார்கள். அதற்குத் தேவைப்பட்ட அட்டைகள் சுமார் 24,000. அந்தப் பட்டுப் படங்களில் ஒன்றை வாங்கி வைத்திருந்தவர் ஆங்கிலேயக் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ். அட்டையைக் கொண்டு பூவை நெய்யலாம் என்றால் கணக்கையும் போடலாமே என்று அவர் திட்டமிட்ட இயந்திரம் முழுமையாகக் கட்டப்படவே இல்லை.

அட்டை மனிதர்கள் பக்கம் திரும்பியது அமெரிக்க ரயிலில். அடுத்தவர் டிக்கெட்டில் யாரும் பயணிக்கக் கூடாது என்பதற்காக, நடத்துநர்கள் டிக்கெட்டின் ஓரத்தில் ஓட்டை போடுவார்கள்: முடி வெளிர், கண் கருமை, மூக்கு பெரிது. ஒரு பயணியின் முகமே ஓட்டைகளாகிவிடும். இதைக் கவனித்த ஹெர்மன் ஹொலரித் என்ற இளம் பொறியாளருக்கு, பட்டு வியாபாரத்தில் இருந்த மைத்துனர் ஜக்கார் தறியைப் பற்றிச் சொன்னதாகவும் சொல்வார்கள். 1890-ல் அமெரிக்காவின் 6.2 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் அவருடைய அட்டைகளில் ஏறினார்கள். ஊசி இப்போது இழையைத் தூக்கவில்லை. ஓட்டை வழியே மின்சாரம் பாய்ந்து எண் கூடியது. அவர் தொடங்கிய கம்பெனி வேறு சிலவற்றோடு இணைந்து, 1924-ல் ஐபிஎம் என்று பெயர் மாற்றிக்கொண்டது.

தறி அட்டையில் எந்த இடத்தில் ஓட்டை என்பதை டிசைன் போடுபவர் முடிவு செய்கிறார். மனித அட்டையில்? 1933-ல் ஜெர்மனியில் ஐபிஎம்மின் துணை நிறுவனமான டேஹோமாக் தொகுத்துக் கொடுத்த கணக்கெடுப்பில் மதத்துக்கென ஒரு இடம் இருந்தது. ஆட்சியில் இருந்தவர்கள் நாஜிகள். நெதர்லாந்தில் ஜேக்கோபஸ் லென்ட்ஸ் என்ற அரசு அதிகாரி, நேர்த்தியில் மட்டுமே ஆசை கொண்டு, ஐரோப்பாவின் மிக ஒழுங்கான குடிமக்கள் பதிவேட்டை உருவாக்கி வைத்திருந்தார். ஜெர்மன் படை வந்தபோது அந்த நேர்த்தி அப்படியே அவர்கள் கைக்குப் போனது. அந்நாட்டு யூதர்களில் சுமார் நான்கில் மூவர் கொல்லப்பட்டார்கள். பிரான்சில் சுமார் நான்கில் ஒருவர். இந்த வித்தியாசத்துக்குக் காரணங்கள் பல. அட்டை மட்டும் காரணமல்ல. ஆனாலும் பிரெஞ்சுப் புள்ளியியல் துறையில் இருந்த ரெனே கார்மியைச் சொல்லாமல் போக முடியாது. மதத்தைக் குறிக்கும் 11-வது பத்தியில் ஓட்டையே விழாதபடி அவர் இயந்திரங்களை மாற்றி அமைத்தார். 1944-ல் பிடிபட்டார், 1945-ல் டாக்காவ் முகாமில் இறந்தார்.

ஜனநாயக நாடுகள் யோக்கியம் என்று சொல்வதற்கில்லை. 1942-ல் அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறை, எந்தத் தெருப்பகுதியில் எத்தனை ஜப்பானிய வம்சாவளியினர் என்று ராணுவத்துக்கு எண்ணிக் கொடுத்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். சொல்லப்பட்ட காரணம் தேசப் பாதுகாப்பு. 1983-ல் மேற்கு ஜெர்மனியில் புதிய கணக்கெடுப்பு என்றதும் மக்கள் எதிர்த்துக் கிளம்பியது நாஜி காலத்து ஞாபகத்தில்தான். தன் தகவல் எங்கே போகலாம் என்று முடிவு செய்யும் உரிமை தனிமனிதருக்கு உண்டு என்று அந்த ஆண்டு டிசம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதே 1983-ல் மிலான் கண்காட்சியில் மின்னணு ஜக்கார்டு அறிமுகமானது. அட்டைக்குப் பதில் கோப்பு. அரசு அலுவலகங்களிலும் அட்டை போய்க் கம்ப்யூட்டர் வந்தது. ‘உண்டு, இல்லை’ மட்டும் 1, 0 என்று பெயர் மாற்றிக்கொண்டு தங்கிவிட்டது.

நம் நாட்டில் கண்காணிப்பின் இன்னொரு கிளை ஏற்கெனவே வளர்ந்திருந்தது. 1885-ல் ஆங்கில அரசு போட்ட தந்திச் சட்டம், பொது அவசரநிலையிலும் பொதுப் பாதுகாப்புக்காகவும் செய்திகளை இடைமறிக்க அனுமதித்தது. அந்தச் சட்டமே செல்போன் காலம் வரை ஓடியது. அந்தரங்கம் என்ற வாதம் இங்கே வலுப்பெற்றதில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. கொலைக் கைதி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் இதழ் வெளியிடலாமா என்ற வழக்கில், 1994-ல் உச்ச நீதிமன்றம், தன்னைத் தொந்தரவின்றி விடச் சொல்லும் உரிமை உயிர் வாழும் உரிமைக்குள் அடக்கம் என்றது. பத்திரிகைக்கும் வழி விட்டது. 1996-ல் ஒட்டுக்கேட்புக்கு விதிமுறைகள் வகுத்தது.

பிறகு 2008 நவம்பர், மும்பை பயங்கரவாதத் தாக்குதல். தாக்கியவர்களோடு எல்லைக்கு அப்பாலிருந்து பேசியவர்களின் குரலை அப்போதே இடைமறித்துப் பதிவு செய்தார்கள். அது வழக்கில் முக்கியச் சான்றானது. கண்காணிப்பே கூடாது என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் அந்த அதிர்ச்சியோடு நாட்கிரிட் போன்ற தகவல் இணைப்புத் திட்டங்களும் வந்தன. 2010-ல் மகாராஷ்டிரத்தின் டெம்ப்லி கிராமத்தில் முதல் ஆதார் வழங்கப்பட்டது. ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகளும் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அடுத்த ஆண்டு வந்த தீர்ப்பில் ஆதார் பிழைத்தது. தனியார் கம்பெனிகள் தம் விருப்பத்துக்கு அதைக் கேட்கும் வாசல் அடைபட்டது.

ஆரணி நெசவாளருக்கு இதெல்லாம் டெல்லி விவகாரம் அல்ல. சங்கப் பதிவு, நெசவாளர் அடையாள அட்டை, வங்கிக் கணக்கு என்று அவர் பெயர் பல பட்டியல்களில் இருக்கிறது. கையால் உழைப்பவர்களின் ரேகை தேய்ந்து, ரேஷன் கருவி படிக்க மறுப்பதும் உண்டு. 2023-ல் வந்த தகவல் பாதுகாப்புச் சட்டம் கம்பெனிகளுக்குக் கடிவாளம் போட்டு, தேசப் பாதுகாப்பின் பெயரில் அரசு அமைப்புகளுக்கு விலக்குத் தரவும் இடம் வைத்திருக்கிறது. இந்த விலக்கில்தான் எனக்கு உறுத்தல். எந்த ஓட்டையை யார் போடலாம் என்பது சட்டத்தில் இருந்தாலும், போட்டது சரியா என்று பார்க்க ஆள் வேண்டுமே.

2025 ஜூலை 2 அன்று சென்னை உயர் நீதிமன்றம் இதைத்தான் தொட்டது. ஒரு லஞ்ச வழக்குக்காக 2011-ல் மத்திய உள்துறை போட்ட ஒட்டுக்கேட்பு ஆணையை நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் ரத்து செய்தார். சாதாரணக் குற்றத்தைக் கண்டுபிடிப்பது பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்போ ஆகாது என்றார். பதிவுகள் மறுஆய்வுக் குழுவின் பார்வைக்கும் வைக்கப்படவில்லை. மத்தியில் அந்தக் குழுவில் இருப்பவர்கள் அமைச்சரவைச் செயலரும் வேறு இரு செயலர்களும். நீதிபதி யாரும் இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும் அந்தக் குழு, ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 ஆணைகளைப் பார்த்தாக வேண்டியிருக்கும் என்று தகவல் பாதுகாப்பை ஆராய்ந்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-லேயே எழுதியிருக்கிறது.