கருமண்ணுக்காகப் பத்தாயிரம் கிலோமீட்டர்

1873-லும் 1875-லும் தென் ரஷ்யாவின் ஸ்டெப்பி புல்வெளிகள் வறட்சியில் காய்ந்தன. நாட்டின் வயிற்றை நிரப்பியதும் அயல்நாடுகளுக்குக் கோதுமை அனுப்பியதும் அங்கிருந்த கருமண்தான். செர்னோசெம் என்பது அதன் பெயர். அவ்வளவு வளமான மண் ஏன் கைவிட்டது என்று கேட்கப்போனபோது, அந்த மண் எப்படி உண்டானது என்பதிலேயே அறிஞர்களிடம் உடன்பாடு இல்லை என்பது தெரிந்தது.

பதில்களுக்குக் குறைவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் ரஷ்யாவைச் சுற்றிவந்த இயற்கையியலாளர் பல்லாஸ், பின்வாங்கிய கடல் விட்டுச்சென்ற சேறு என்றார். 1840-களில் வந்த பிரிட்டிஷ் நிலவியலாளர் மர்ச்சிசனும் நீருக்கடியில் படிந்த மண் என்றே கருதினார். வற்றிய சதுப்புநிலம் என்று வாதிட்டவர்களும் உண்டு. 1866-இல் தாவரவியலாளர் ருப்ரெக்ட், கடலும் இல்லை சதுப்பும் இல்லை, தலைமுறை தலைமுறையாக மடிந்து மக்கிய புல்லே இந்தக் கருமை என்றார். வேதியியலாளர்களோ மண் எங்கிருந்து வந்தால் என்ன, அதில் எவ்வளவு உரச்சத்து இருக்கிறது என்று நிறுத்துப் பார்ப்பதோடு நின்றுகொண்டார்கள். ஒவ்வொருவரும் கெட்டிக்காரர்தான். ஆனால் பாறை அறிந்தவருக்குப் புல் பொருட்டில்லை, புல் அறிந்தவருக்குப் பாறை பொருட்டில்லை.

ரஷ்யாவின் சுதந்திரப் பொருளாதாரச் சங்கம் இந்தப் புதிரை வசீலி தொகுச்சாயெவிடம் ஒப்படைத்தது. ஸ்மோலென்ஸ்க் பகுதிக் கிராமப் பாதிரியாரின் மகன் அவர். மதக் கல்வியை விட்டுவிட்டு பீட்டர்ஸ்பர்க்கில் நிலவியலாளர் ஆனவர். 1877-இலும் 1878-இலும் கோடைக்காலங்களில் கருமண் நாடெங்கும் சுமார் 10,000 கி.மீ. சுற்றினார். போன இடங்களிலெல்லாம் அவர் செய்த வேலை ஒன்றுதான்: மேல்மண்ணிலிருந்து தாய்ப்பாறை வரை குழிவெட்டி, அதன் பக்கச் சுவரை அடுக்கடுக்காகப் படித்தார்.

அந்தச் சுவர்கள் பழைய வாதங்களைக் கலைத்தன. காற்று கொண்டுவந்து குவித்த வண்டலின் மேலும் கருமண் இருந்தது, சுண்ணாம்புப் பாறையின் மேலும் இருந்தது. அதே வண்டல் வடக்கே காட்டுக்கடியில் போனதும் சாம்பல் நிற மண்ணாகிவிட்டது. அப்படியானால் பாறை மட்டும் மண்ணைத் தீர்மானிப்பதில்லை. தாய்ப்பாறை, காலநிலை, செடிகொடிகளும் உயிரினங்களும், நிலத்தின் ஏற்ற இறக்கம், வயது ஆகிய ஐந்தும் கூடித்தான் மண்ணை ஆக்குகின்றன என்று 1883-இல் வெளிவந்த ‘ரஷ்யக் கருமண்’ நூலில் அவர் நிறுவினார். மண்ணை நொறுங்கிய பாறையாகவும் பயிரின் தீனிப்பெட்டியாகவும் பார்த்த காலத்தில், அதற்கென்று தனிப் பிறப்பும் வளர்ச்சியும் உண்டு என்று சொன்னது பெரிய துணிச்சல்.

நம்மூர்க் கரிசலையும் ஐரோப்பிய நிலவியலாளர்கள் அன்று செர்னோசெம்மோடு ஒப்பிட்டுப் பேசினார்கள். நிறம் அவர்களை ஏமாற்றியது. ஸ்டெப்பி மண்ணைக் கறுப்பாக்குவது மிகுந்த மக்கு. கோவில்பட்டிக் கரிசலில் மக்கு சொற்பம். மழையில் உப்பி வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும் களிமண்தான் அதன் குணத்துக்கு அடிப்படை. இரண்டையும் பிரித்தறிய ஐந்து காரணிகளையும் சேர்த்துப் பார்த்தாக வேண்டும்.

1882-இல் நீஷ்னி நோவ்கொரோத் உள்ளூராட்சி அவரை அழைத்தது. நிலவரியை நியாயமாக விதிக்க மண்ணின் தரம் தெரியவேண்டும் என்பது அவர்களுடைய தேவை. தொகுச்சாயெவ் மாணவர் படையோடு போனார். கனிமவியல், தாவரவியல், நிலவியல் என்று வெவ்வேறு நாட்டம் கொண்டவர்கள் ஒரே குழியைச் சுற்றி நின்றார்கள். அவருடைய மாணவர்களில் வெர்னாத்ஸ்கி பின்னாளில் உயிர்க்கோளம் பற்றிய கோட்பாட்டை வளர்த்தார். கிராஸ்னோவ் பாத்தூமியில் தாவரவியல் பூங்கா அமைத்தார். சிபிர்த்செவ் 1894-இல் மண்ணியலுக்கென்று உருவான முதல் பேராசிரியர் பதவியை ஏற்றார். வரி வசூல் கணக்கு ஓர் அறிவியலுக்குத் தொட்டிலானது.

1891-இல் மறுபடி வறட்சி, அதைத் தொடர்ந்து கொடும் பஞ்சம். மறு ஆண்டு ஸ்டெப்பியின் அன்றைய, இன்றைய நிலை பற்றி ஒரு நூல் எழுதினார் தொகுச்சாயெவ். அதன் வருவாய் பஞ்சத்தில் வாடியவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. காட்டை வெட்டி, புல்வெளியை உழுது, ஓடைகள் நிலத்தைப் பள்ளங்களாக அரிக்க விட்டதால் மண் மழைநீரைப் பிடித்துவைக்கும் திறனை இழந்தது என்பது அவர் கணிப்பு. நிவாரணத்தோடு நிற்காமல், நிலத்தின் நீர்க்கணக்கையே திருத்த முனைந்தார். வரோனெஷ் பகுதியின் கமென்னயா ஸ்டெப்பி உள்ளிட்ட 3 இடங்களில் மண்ணியலாளர், வானிலையாளர், தாவரவியலாளர், வனவியலாளர் எல்லாரும் சேர்ந்து இறங்கினார்கள். காற்றைத் தடுத்துப் பனியைத் தேக்க மர வரிசைகள் நட்டார்கள், குளங்கள் வெட்டினார்கள். கமென்னயா ஸ்டெப்பியின் மர வரிசைகள் இன்றும் நிற்கின்றன.

எல்லாம் நினைத்தபடி நடக்கவில்லை. அந்த மூன்று இடங்களில் ஒன்றான வெலிக்கோ அனதோலில் பல ஆண்டுகள் அளந்து பார்த்த வனவியலாளர் விசோத்ஸ்கி, அடர்ந்து நட்ட மரங்கள் புல்லைவிட அதிக நீரை உறிஞ்சி அடிமண்ணை மேலும் வறளச் செய்வதைக் கண்டார். மரம் பனியையும் சேர்க்கும், நிலத்தடியையும் காயவைக்கும். ஒரு துறையின் அளவுகோலை மட்டும் வைத்திருந்தால் இந்த முரண் வெளிப்பட்டிருக்காது. இந்த வரலாற்றில் மிகவும் மதிக்கத்தக்க கட்டம் இதுதான்: தங்கள் திட்டத்துக்கு எதிரான கணக்கையும் அவர்கள் மறைக்கவில்லை.

தொகுச்சாயெவ் 1903-இல் மறைந்தார். அவர் மாணவர் கிளின்கா ஜெர்மன் மொழியில் எழுதிய நூலை அமெரிக்கர் மார்பட் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த 1927-க்குப் பிறகே, மண்ணை ஐந்து காரணிகளின் விளைவாகப் பார்க்கும் சிந்தனை அட்லாண்டிக்கைத் தாண்டிப் பரவலாகப் போய்ச்சேர்ந்தது. சுவிட்சர்லாந்தில் பிறந்த கலிஃபோர்னியப் பேராசிரியர் ஹான்ஸ் யென்னி 1941-இல் அதே ஐந்து காரணிகளைச் சமன்பாடாக எழுதினார். மற்ற நான்கையும் மாறாமல் வைத்து ஒன்றை மட்டும் மாற்றினால் மண் என்ன ஆகும் என்று கேட்டார்.

காலத்தை மட்டும் மாற்றிக்காட்டும் இடம் அவருக்குக் கலிஃபோர்னியாவின் மெண்டசீனோ கடற்கரையில் கிடைத்தது. கடல் செதுக்கிய மேடைகள் அங்கே படிகளாக உயர்கின்றன. படிக்குப் படி சுமார் ஒரு லட்சம் ஆண்டு மூப்பு. ஒரே மழை, ஒரே வகைக் கடல்மணல். ஆனால் பழைய படிகளில் சத்தெல்லாம் கழுவப்பட்டு, அடியில் வேர் புகாத கெட்டி அடுக்கு உருவாகி, சைப்ரஸ் மரங்கள் நூறு வயதிலும் ஆள் உயரத்தைத் தாண்டாமல் குறுகி நிற்கின்றன. அந்தக் குள்ளக் காட்டைக் காப்பாற்ற யென்னி பல ஆண்டுகள் போராடினார். அதன் ஒரு பகுதி இன்று அவர் பெயரிலேயே பாதுகாக்கப்படுகிறது.