எச்சில் வாய்

ஆண்டை எதிரில் நின்று பேச வேண்டுமென்றால் என் தாத்தா துண்டைக் கக்கத்தில் இடுக்கி, இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் பேசுவாராம். மூச்சுக் காத்து அவர் மேல படக் கூடாது, எச்சி தெறிச்சிடக் கூடாது. பேஷ்வாக்களின் பூனாவில் தீண்டப்படாதவன் எச்சில் துப்புவதற்குக் கழுத்தில் மண்சட்டி கட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்ததை அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் எழுதினார். அதைப் படித்தபோது எனக்குச் சட்டியைவிடத் தாத்தாவின் கைதான் ஞாபகத்துக்கு வந்தது. சாதி என்பது ரத்தத்திலா இருக்கிறது? எச்சிலில் இருக்கிறது. எதை யார் வாயில் வைத்தார்கள், அதை யார் தொட்டார்கள் என்பதில் இருக்கிறது. டீக்கடை இரட்டைக் குவளையின் கணக்கும் அதுதான்.

இப்படிப்பட்ட ஒரு நாட்டில், அடுத்தவன் வாய்க்குள் விரலை விட்டுத் தடவிப் பார்ப்பதையே ஒரு மேற்படிப்பாக வைத்திருக்கிறார்கள். வாய் மருத்துவமும் கதிரியக்கவியலும் என்று பெயர். பல் மருத்துவப் பட்டம் முடித்தவர் மூன்றாண்டு படிக்க வேண்டிய எம்.டி.எஸ். பிரிவுகளில் அதுவும் ஒன்று. நான் தமிழ் எம்.ஏ. இதற்கும் எனக்கும் என்ன என்று கேட்கலாம். சொல்கிறேன்.

பல் பிடுங்குவது, கட்டுவது இந்தப் படிப்பில் பிரதானம் இல்லை. கன்னத்தின் உள்தோல், நாக்கு, அண்ணம், ஈறு, எச்சில் சுரப்பி, தாடை மூட்டு இவைதான் பாடம். வெள்ளைப் படலம், சிவப்புத் திட்டு, ஆறாத புண், கொப்புளம் இவற்றைப் பார்த்து இது சும்மா உரசலா, உடம்பு முழுக்க இருக்கும் நோயின் வாய்முகமா, புற்றின் முதல் படியா என்று பிரித்துச் சொல்லப் பழக வேண்டும். பாடம் தொடங்குவதே தொடுதலில்தான். நாக்கின் நுனியைத் துணியால் பிடித்து வெளியே இழுத்து இரு ஓரமும் பார்க்க வேண்டும். கன்னத்தை உள்ளே ஒரு விரலும் வெளியே ஒரு விரலுமாகப் பிடித்து உருட்டிப் பார்க்க வேண்டும். சாஸ்திரம் தள்ளி நிற்கச் சொன்ன அதே ஈரத்தில்தான் கை வைக்கச் சொல்கிறார்கள்.

வரலாற்றுக்கு வருவோம். பாடப் புத்தகங்கள் வழக்கம்போல் சுஸ்ருதரில் தொடங்கும். தொடங்கிக்கொள்ளட்டும். நம் ஊர்களில் பல் பிடுங்கியதும் கட்டி கீறியதும் அம்பட்டர் என்று தள்ளி வைக்கப்பட்ட மருத்துவ சாதியார். வைத்தியம் சேரியிலும் இருந்தது. அயோத்திதாசப் பண்டிதரே சித்த வைத்தியர்தானே. 1920இல் ரஃபியுத்தீன் அகமது கல்கத்தாவில் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். 1948இல் பல் மருத்துவர் சட்டம் வந்தது. 1953இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பல் பிரிவு வந்தது. கத்தி பட்டமானபோது கைமாறியது என்பதைத் தனியாக நான் விளக்க வேண்டியதில்லை.

வாய் மருத்துவத்துக்கான பெரிய பாடநூலை லெஸ்டர் பர்க்கெட் 1946இல் அமெரிக்காவில் வெளியிட்டார். நம் மாணவர்களும் 'பர்க்கெட்' என்றே அதைச் சொல்வார்கள். ஆனால் பாருங்கள், அந்த அமெரிக்காவில் இதைத் தனிச் சிறப்புத் துறையாக அங்கீகரித்தது 2020இல்தான். இங்கே அதற்குப் பல காலம் முன்பே எம்.டி.எஸ். பிரிவாகிவிட்டது. இங்கே அவ்வளவு வாய்கள் இருந்தன என்பதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

அந்த வாய்களின் கதை இது. 1933இல் ஓர் என்ற மருத்துவர் திருவிதாங்கூரில் வெற்றிலை பாக்கு மெல்லுகிறவர்களின் வாய்ப் புற்றைப் பற்றி 'லான்செட்' இதழில் எழுதினார். அவர் வேலை பார்த்தது இன்றைக்குக் குமரி மாவட்டத்தில் இருக்கும் நெய்யூர் மிஷன் மருத்துவமனையில். 1952இல் ஷ்வார்ட்ஸ் என்பவர் கென்யாவில் குடியேறிய இந்தியப் பெண்கள் ஐந்து பேரிடம் வாய் இறுகிப்போவதைக் கண்டு குறித்தார். அடுத்த வருசம் ஜோஷி அதையே இங்கே கண்டு, தோலடி நார் இறுக்கம் என்று பொருள்படும் பெயரை வைத்தார். 1966இல் டென்மார்க்கின் பிண்ட்போர்க்கும் பம்பாயில் ஆய்வு செய்த சத்யவதி சிர்சாட் என்ற பெண்மணியும் அந்த நோய்க்கு இலக்கணம் எழுதினார்கள். 1969இல் ஃபாலி மேத்தா குழுவினரின் ஆய்வு வந்தது. எர்ணாகுளம், ஸ்ரீகாகுளம், பாவ்நகர், தர்பங்கா, சிங்பூம் ஆகிய ஐந்து மாவட்டங்களில் 50,915 கிராமத்தார் வாயைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். ஸ்ரீகாகுளத்தில் சுட்டாவின் நெருப்பு முனையை வாய்க்குள்ளே வைத்துப் புகைக்கும் பெண்களின் அண்ணத்தையும் பார்த்தார்கள். எர்ணாகுளத்தில் வாய் இறுகிய 66 பேரைப் பதினேழு ஆண்டுகள் வரை பின்தொடர்ந்ததில் ஐந்து பேருக்குப் புற்று வந்தது. உலகம் இன்றைக்கு இந்த நோய்களைப் பற்றி அறிந்திருப்பதில் பெரும்பங்கு இப்படி நம் கிராமத்து வாய்களிலிருந்து எடுத்ததுதான். பாக்கு மட்டுமே தனியாகப் புற்று உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்று ஆய்வு அமைப்பு 2004இல் அறிவித்ததற்கும் இந்த அடித்தளம் உண்டு.

அந்த ஆய்வுகளை நான் மதிக்கிறேன். ஆனால் 'கிராமத்தார்' என்ற சொல்லில் எந்தத் தெரு என்பது இல்லை. ஏன் மென்றார்கள் என்பதற்குப் 'பழக்கம்' என்று ஒரே சொல். எங்க ஆயாவைக் கேட்டிருந்தால் சொல்லியிருக்கும். நடவுக்கு இறங்கும் பொம்பளைகளுக்குக் கூலி நெல்லோடு வெத்தல, பாக்கு, ஒரு துண்டுப் பொயல கொடுப்பார்களாம். "பொயலய அடக்கிக்கினா பசி தெரியாது சாமி, சூரியன் சாயறவரைக்கும் குனிஞ்சி நடலாம்" என்று சொல்லும். பசியை அமுக்கக் கூலியிலேயே மருந்து. மருத்துவக் கூடத்தில் ஏழை தன் உடம்பைக் காட்சிக்கு வைத்துத்தான் வைத்தியத்துக்கு விலை கொடுக்கிறான் என்று ஃபூக்கோ 1963லேயே எழுதியாகிவிட்டது. நம் சிறுபத்திரிகைகள் ஃபூக்கோவை மேற்கோள் காட்டிக் காட்டித் தேய்த்துவிட்டன. ஆனால் ஒருத்தரும் பல் ஆஸ்பத்திரி வரிசையில் போய் நின்று பார்த்ததாகத் தெரியவில்லை.

2003இல் நான் நின்றேன். ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். ஆயாவுக்குக் காரம் பட்டால் வாய் எரிந்தது. அப்புறம் சோற்று உருண்டை உள்ளே போகவில்லை. ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப் போனோம். நாற்காலியில் சாய்த்தார்கள். மாணவர்கள் பத்துப் பேர் சுற்றி நின்றார்கள். பேராசிரியர் மேல் பல்லுக்கும் கீழ் பல்லுக்கும் நடுவில் அளவுகோலை வைத்து மில்லிமீட்டர் சொன்னார், எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். 'நல்ல கேஸ்' என்றார். போட்டோ எடுத்தார்கள். எல்லாம் இங்கிலீஷ். கன்னத்தில் ஓர் ஓரம் சதை வெட்டி எடுத்தபோதுகூட எதற்கு என்று எங்களிடம் சொல்லவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஆயா, "அத்தினி பேரு வாயப் பாத்தானுங்க, ஒருத்தன்கூட வாயத் தொறக்கலயே" என்றது. அது சிரித்தபோது இரண்டு விரல்கூட நுழையாது. அடுத்த தைக்கு ஆயா இல்லை.

அளவுகோலைப் பிடிக்கும் இடத்துக்கு நம் பிள்ளைகள் போவதற்கு எவ்வளவு காலம் ஆனது? 1986இலிருந்து முதுநிலை மருத்துவ இடங்களில் ஒரு பங்கு அகில இந்திய ஒதுக்கீடாகப் போனது. 2007இல் உச்ச நீதிமன்றம் தலையிடும் வரை அந்தப் பங்கில் பட்டியல் சாதிக்கோ பழங்குடிக்கோ ஓர் இடம்கூட ஒதுக்கப்படவில்லை. இருபத்தோரு வருசம். அந்தக் காலத்தில்தான் தகுதி, திறமை என்று பேப்பரில் எவ்வளவு மை!

என் சித்தப்பா மகள் அதற்கப்புறம் வந்தவள். பி.டி.எஸ். முடித்து வாய் மருத்துவத்தில் எம்.டி.எஸ். சேர்ந்தாள். கலந்தாய்வில் கடைசிவரை கிடக்கிற பிரிவு அது என்பாள். பல் வேர் சிகிச்சை, பல் வரிசை கட்டுவதில் துட்டு உண்டு. கன்னத்தைத் தடவிப் பார்த்து "பாக்கை விடுங்க" என்று சொன்னால் யார் காசு கொடுப்பார்கள்? முதலாண்டில் ஒரு பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து, வாயைத் திறக்கும் முன், "பாப்பாவுக்கு எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?" என்று கேட்டாராம். இவள் காலனி என்றே சொன்னாளாம். அவர் கொஞ்ச நேரம் வாயை இறுக்கி வைத்திருந்தாராம். நாக்கு ஓரத்தில் புண். வலி. பிறகு திறந்தார். "கையுறை போட்டிருந்தேன் அண்ணே, இருந்தாலும் அவரு கண்ண மூடிக்கினாரு" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவளுக்குப் பிடித்த ஆய்வு திருவனந்தபுரத்துக்காரர்கள் 1996இல் தொடங்கியது. டாக்டர்கள் இல்லை, பயிற்சி கொடுத்த சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள். புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுச் சாவு 34 சதவீதம் குறைந்ததாக 2005இல் 'லான்செட்'டில் வந்தது. வெளிச்சமும் பழகிய கண்ணும் போதும் என்பாள். அந்தப் படிப்பு கல்லூரிக்குள்ளேயே கிடக்க வேண்டியதில்லை என்பது அவள் கட்சி.

போன வருசம் எங்கள் காலனி வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, நெற்றியில் விளக்கு மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் பேர் எழுதினேன். ஒவ்வொருவருக்கும் என்ன பார்க்கிறேன், ஏன் பார்க்கிறேன் என்று நம்ம பேச்சிலேயே சொல்லிவிட்டுத்தான் கையை வைத்தாள். நான்காவதாக வந்தது ஆயாவோடு நடவு நட்ட கெழவி. நாற்காலியில் உட்கார்ந்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டது. "இரும்மா, கொப்பளிச்சிட்டு வர்றேன், எச்சி வாயி" என்று எழுந்து கைபம்பு பக்கம் நடந்தது. இவள் கையுறையோடு காத்திருந்தாள்.