பரோடாவின் நூற்பெட்டிகள்: சிற்றூர் நூலகத்துக்குப் புதிய நூலும் திரைப்படமும் வந்த வரலாறு

பரோடா நூலக இயக்கம் என்பது இன்றைய குஜராத் மாநிலத்தில் அமைந்திருந்த பரோடா சமஸ்தானத்தில், அரசர் மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட்டின் (1863–1939) ஆதரவில் 1910-ஆம் ஆண்டு முதல் நடைபெற்ற இலவசப் பொது நூலகத் திட்டமாகும். தலைநகரில் பெரிய நூலகம் ஒன்றை அமைத்ததோடு இத்திட்டம் நிற்கவில்லை. சிறு நகரங்களுக்கும் சிற்றூர்களுக்கும் புதிய நூல்கள் தொடர்ந்து சென்று சேர வழி செய்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் படம் காட்டுவதையும் நூலகத்துறையின் வேலையாகவே ஏற்றுக்கொண்டது. இவ்விரண்டும் இதன் தனிச்சிறப்புகள்.

ஓர் ஊரில் நூலகம் திறப்பது ஒருநாள் விழா. அதைத் தொடர்ந்து நடத்துவதுதான் பாடு. இருநூறு நூல்கள் கொண்ட அலமாரியை ஆர்வமுள்ள வாசகர் ஓராண்டில் படித்து முடித்துவிடுவார். அதன்பின் புதிதாக ஒன்றும் வராவிட்டால் அவர் வருவதை நிறுத்திவிடுவார். கதவு திறந்திருக்கும், நாளிதழ் பார்க்க நாலு பேர் வருவர், அலமாரியில் தூசி படியும். புதிய நூல் யார் பணத்தில், எந்த வழியாக, எத்தனை காலத்துக்கு ஒருமுறை வரும் என்பதே சிற்றூர் நூலகத்தின் உயிர்நிலை. இக்கேள்விக்கு இந்தியாவில் முதன்முதலில் ஒழுங்கான விடை தேடிய அரசுகளில் ஒன்று பரோடா.

பின்னணி

சயாஜிராவ் 1881-இல் முழு ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். 1893-இல் அம்ரேலி பகுதியில் கட்டாயத் தொடக்கக் கல்வியைச் சோதனையாகத் தொடங்கினார். 1906-இல் அதைச் சமஸ்தானம் முழுவதற்கும் விரிவாக்கினார். பிரிட்டிஷ் இந்தியாவில் இதற்கான மசோதாவைக் கோபால கிருஷ்ண கோகலே 1911-இல் கொண்டுவந்தபோது அது ஏற்கப்படவில்லை என்பதோடு ஒப்பிட்டால் பரோடாவின் முயற்சி எவ்வளவு முற்பட்டது என்பது விளங்கும்.

ஆனால் கட்டாயக் கல்வி ஒரு புதிய சிக்கலையும் கொண்டுவந்தது. நான்கைந்து ஆண்டு பள்ளியில் படித்த பிள்ளை வயல் வேலைக்குத் திரும்பியபின் கையில் புத்தகமே படாவிட்டால் கற்ற எழுத்தையும் மறந்துவிடும். பள்ளிக்குச் செலவிட்ட பணமும் உழைப்பும் வீணாகும். பள்ளியை விட்டபின்னும் படிப்பு தொடர வேண்டுமானால் ஊர்தோறும் நூலகம் வேண்டும் என்ற முடிவுக்கு அரசு இவ்வழியாகவே வந்தது. பரோடாவில் நூலகம் படித்தவர்களின் பொழுதுபோக்கிடமாக எண்ணப்படவில்லை. பள்ளிக் கல்வியின் மறுபாதியாகவே எண்ணப்பட்டது.

மித்ர மண்டல நூலகங்கள்

அரசு இறங்கும் முன்பே ஊராரிடமிருந்து ஒரு முயற்சி எழுந்தது. அதன் பின்னிருந்தவர் மோதிபாய் அமீன் (1873–1939). ஆசிரியரான இவர் சரோதர் பகுதியில் கல்விப் பணி செய்தவர். நண்பர் குழு என்று பொருள்படும் ‘மித்ர மண்டலம்’ என்ற பெயரில், ஊர் மக்களே பணம் சேர்த்து நூல்களையும் இதழ்களையும் வாங்கிச் சுற்றுக்கு விடும் சிறு நூலகங்களை 1906-ஆம் ஆண்டளவில் தொடங்கி வைத்தார். பின்னர் அரசு நூலகத்துறை அமைந்தபோது அமீனும் அதில் பணியாற்றினார். அரசின் திட்டம் வெற்று நிலத்தில் எழுப்பப்பட்டதன்று. ஊரார் ஏற்கெனவே போட்டிருந்த கடைக்காலின்மேல் எழுந்தது.

போர்டனின் வருகை

சயாஜிராவ் அமெரிக்கப் பயணங்களின்போது அங்குள்ள இலவசப் பொது நூலகங்களைப் பார்த்தார். நியூ ஹேவன் நகரில் நூலகராக இருந்த வில்லியம் அலன்சன் போர்டனை 1910-இல் பரோடாவுக்கு அழைத்து, அரசு நூலகங்களின் இயக்குநராக நியமித்தார். போர்டன் மூன்றாண்டுகள் பணியாற்றி 1913-இல் நாடு திரும்பினார்.

அந்த மூன்றாண்டுகளில் அவர் செய்தவை பல. அரண்மனையில் இருந்த அரசரின் சொந்த நூல் தொகுதியைக் கருவாகக் கொண்டு மைய நூலகத்தை உருவாக்கினார். 1911-இல் நூலகப் பணியாளர்களுக்குப் பயிற்சி வகுப்பு தொடங்கினார். நூல்களை வகைப்படுத்த ஒரு முறையை வகுத்தார். ஆங்கிலம், குஜராத்தி, மராத்தி ஆகிய மூன்று மொழிகளில் ‘லைப்ரரி மிசலனி’ என்ற இதழ் 1912 முதல் வெளிவந்தது. அவருக்குப் பின் ஜே. எஸ். குடால்கர், நியூட்டன் மோகன் தத் ஆகியோர் துறையை நடத்தினர்.

மூன்று பங்கு முறை

நிலையான நூலகங்களுக்கான செலவு மூன்று பங்காகப் பிரிக்கப்பட்டது. ஊர் மக்கள் ஒரு பங்கைத் திரட்ட வேண்டும். அதே அளவுத் தொகையை மாவட்டப் பஞ்சாயத்தும், அதே அளவை அரசும் தரும். ஒவ்வொரு பங்குக்கும் உச்சவரம்பு உண்டு. ஆண்டுக்குச் சிற்றூருக்கு 100 ரூபாய், நகரத்துக்கு 300 ரூபாய், மாவட்டத் தலைநகருக்கு 700 ரூபாய். அதாவது ஒரு சிற்றூர் தன் பங்கை முழுமையாகத் திரட்டினால் ஆண்டுக்கு 300 ரூபாய் கிடைக்கும். அக்காலத்தில் ஓரிரு ரூபாய்க்கே நல்ல நூல் வாங்க முடிந்தது என்பதை எண்ணினால் இது சிறிய தொகை அன்று.

இம்முறையில் இரு நன்மைகள் இருந்தன. ஊரார் தம் பணத்தையும் போட்டிருந்ததால் நூலகத்தைத் தமதாக எண்ணினர். தொகை ஒருமுறைக் கொடையாக இல்லாமல் ஆண்டுதோறும் கிடைத்ததால் புதிய நூல் வாங்குவதும் ஆண்டுதோறும் நடந்தது. ஊர் நூலகங்கள் தனித்தனியே நூல் வாங்குவதில் உள்ள சிரமத்தைப் போக்க, அவற்றுக்கு நூல்களையும் இதழ்களையும் வழங்கும் கூட்டுறவு அமைப்பு ஒன்றும் பின்னர் தோன்றியது. அதிலும் அமீனின் பங்கு பெரிது.

குறையும் ஒன்று இருந்தது. தன் பங்கைத் திரட்ட முடியாத ஏழை ஊருக்கு மற்ற இரு பங்குகளும் கிடைக்க வழியில்லை. நூலகம் யாருக்கு மிகவும் தேவையோ அவருக்கே அது எட்டாமல் போகும் அபாயம் இது.

நூற்பெட்டிகள்

அந்த இடைவெளியை நிரப்பியது நடமாடும் நூலகப் பிரிவு. உறுதியான மரப்பெட்டி ஒன்றில் ஏறத்தாழ 15 முதல் 30 நூல்கள் வரை அடுக்கி, கேட்ட ஊருக்கு மைய நூலகம் அனுப்பி வைக்கும். ஊரில் பொறுப்பான ஒருவர் பெட்டியைப் பெற்றுக்கொள்வார். பெரும்பாலும் அவர் பள்ளி ஆசிரியராகவே இருப்பார். நூல்களை வீடுகளுக்குக் கொடுத்து வாங்குவதும், குறித்த காலம் முடிந்ததும் பெட்டியைத் திருப்பி அனுப்புவதும் அவர் வேலை. போக்குவரத்துச் செலவு இருவழியும் அரசுடையது. ஊரார் ஒரு காசும் தர வேண்டியதில்லை.

பெட்டியின் பயன் அதன் அளவில் இல்லை, சுழற்சியில் இருந்தது. 25 நூல்கள் ஓர் அலமாரியின் ஒரு தட்டுக்குக்கூடப் போதா. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு பெட்டி மாறினால் ஓராண்டில் 100 நூல்கள் அவ்வூரைக் கடந்து செல்லும். ஓர் ஊருக்குப் பழையதான நூல் அடுத்த ஊருக்குப் புதியது. ஒரே நூலுக்குச் செலவிட்ட பணம் பல ஊர்களில் பயன்பட்டது. சொந்தமாக நூலகம் உள்ள ஊர்களும் புதிய நூல் தேவைப்பட்டபோது பெட்டியை வரவழைக்க முடிந்தது.

காட்சிவழிக் கல்விப் பிரிவு

எத்தனை பெட்டி அனுப்பினாலும் எழுத்தறியாதவருக்கு அது மரப்பெட்டிதான். அன்று மக்களில் பெரும்பாலோர், பெண்களில் ஏறத்தாழ எல்லோருமே, எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். வரி கொடுப்பவர்களில் மிகுதியானவர் அவர்களும் அவர்கள் குடும்பத்தாருமே. அவர்களை விட்டுவிட்டு நடத்தும் நூலகத்தைப் பொது நூலகம் என்று எப்படிச் சொல்வது?

இதற்கு விடையாக, போர்டன் காலத்திலேயே நூலகத்துறையில் காட்சிவழிக் கல்விப் பிரிவு ஒன்று அமைக்கப்பட்டது. திரைப்படக் கருவி, கண்ணாடிப் படங்களைத் திரையில் பெரிதாக்கிக் காட்டும் மாஜிக் லாந்தர், இரு கண்ணாலும் பார்க்கும்போது படம் உருத்திரண்டு தெரியும் ஸ்டீரியோஸ்கோப், படஅட்டைகள் ஆகியவை இப்பிரிவில் இருந்தன. இவற்றை ஊர்களுக்கு எடுத்துச் சென்று மக்களுக்கு இலவசமாகக் காட்டினர்.

காலத்தை நோக்கினால் இதன் துணிவு புரியும். இந்தியாவில் முதல் திரைப்படக் காட்சி 1896 ஜூலை 7 அன்று பம்பாயில் நடந்தது. தாதாசாகேப் பால்கேயின் ‘ராஜா ஹரிச்சந்திரா’ 1913-இல் வெளிவந்தது. நாட்டின் முதல் முழுநீளக் கதைப்படம் வெளிவந்த அதே காலகட்டத்தில் பரோடாவின் நூலகத்துறை திரைப்படத்தைக் கல்விக் கருவியாகக் கையாளத் தொடங்கிவிட்டது. ஊர் ஊராகப் படம் காட்டுவது அன்று புதிதன்று. தமிழகத்தில் சாமிக்கண்ணு வின்சென்ட் 1905 முதல் கூடாரம் அமைத்துப் படம் காட்டி வந்தார். ஆனால் அது கட்டணம் பெற்று நடத்திய தொழில். பரோடாவில் அதே கருவி பொது நூலகத்தின் உடைமையாக இருந்தது.

அக்காலப் படங்கள் பேசா. எனவே திரையில் ஓடுவதை விளக்கிச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது. ஒரு நூலை ஒருவர் படிக்கப் பலர் கேட்பது நம் திண்ணைகளில் பழகிய வழக்கம். படம் ஓட விளக்கம் கேட்பதும் அதன் நீட்சியே. இப்பிரிவின் ஊழியர் அவ்வகையில் உபதேசியாரையும் கதைசொல்லியையும் போன்றவர்.

தளர்ச்சி

பரோடாவின் ஏற்பாடு அரசரின் நாட்டத்தையும் சமஸ்தானத்தின் வரவுசெலவையும் நம்பி நின்றது. சயாஜிராவ் 1939-இல் மறைந்தார். 1949-இல் சமஸ்தானம் பம்பாய் மாகாணத்துடன் இணைந்தது. நூலகங்கள் மறைந்துவிடவில்லை. மைய நூலகம் இன்றும் வடோதராவில் இயங்குகிறது. ஆனால் தலைநகரிலிருந்து கடைசி ஊர் வரை ஒரே கையில் இருந்த அந்த ஏற்பாடு, அது பிறந்த அரசோடு முடிவுக்கு வந்தது.

தமிழகத்தில் இதே கேள்வி

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் (1892–1972) 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். அவரது முயற்சியில் 1928-இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. 1931-இல் மன்னார்குடி வட்டாரத்தில், மேலவாசலைச் சேர்ந்த ஓய்வுபெற்ற பொறியாளர் எஸ். வி. கனகசபைப் பிள்ளை அமைத்த மாட்டுவண்டி நூலகம் ஊர் ஊராக நூல்களைக் கொண்டு சென்றது. பரோடாவில் பெட்டி செய்த வேலையை இங்கே வண்டி செய்தது. அதே 1931-இல் வெளியான ரங்கநாதனின் நூலக அறிவியல் ஐந்து விதிகளில் கடைசி விதி, நூலகம் வளரும் உயிரி என்பது. வளராத நூலகம் உயிரற்றது என்பது அதன் மறுபக்கம்.

அரசரின் ஆதரவு இல்லாத இடத்தில் இந்த வளர்ச்சிக்கு யார் பொறுப்பு? ரங்கநாதன் கண்ட விடை சட்டம். டி. எஸ். அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது சென்னைப் பொது நூலகங்கள் சட்டம், 1948 நிறைவேறியது. சொத்து வரியில் ரூபாய்க்கு 6 பை வீதம் நூலக வரி விதிக்க அது வழிசெய்தது. அன்று ஒரு ரூபாய்க்கு 192 பை. எனவே இது ரூபாயில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. இவ்வரி இன்று ரூபாய்க்கு 10 காசு.

பரோடாவின் மூன்று பங்கு முறையில் பங்கு திரட்ட முடியாத ஊர் விடுபட்டது. வரி முறையில் அப்படியில்லை. மாவட்டம் முழுவதும் திரளும் தொகை மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் சேர்ந்து, அங்கிருந்து கிளை நூலகத்துக்கும் ஊர்ப்புற நூலகத்துக்கும் நூலாகப் போகிறது. மாநிலத்தில் 4,600-க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இயங்குவது இதனாலேயே.

ஆயினும் சட்டம் பணத்துக்கு வழி வகுக்குமே தவிர, அந்தப் பணம் நூலாக மாறி அலமாரிக்கு வந்து சேர்வது ஆட்களின் கையில் உள்ளது. உள்ளாட்சி அமைப்பு வசூலித்த வரியை ஆணைக்குழுவுக்குச் செலுத்தாமல் நிலுவை வைத்தால் அந்த ஆண்டின் கொள்முதல் குறையும். கொள்முதல் தள்ளிப்போனால் கிளை நூலகத்தில் ‘புதிய வரவு’ என்று எழுதிய தட்டில் பழைய நூல்களே நிற்கும்.

மதிப்பீடு

பரோடாவின் பாடம் மூன்று. நூலகச் செலவு ஆண்டுதோறும் உறுதியாக வர வேண்டும். நூல்கள் ஓரிடத்தில் தங்காமல் ஊர் விட்டு ஊர் சுழல வேண்டும். படிக்கத் தெரியாதவரும் நூலகத்தின் வாசகரே என்று கருதப்பட வேண்டும். முதலாவதைத் தமிழகம் சட்டமாக்கிப் பரோடாவை விட முன்னே சென்றது. இரண்டாவதை மன்னார்குடியின் மாட்டுவண்டி செய்து காட்டியது. மூன்றாவது பாடம் இன்னும் பெரிதும் கற்கப்படாமலே இருக்கிறது. கண்பார்வை மங்கிய முதியவருக்கும் எழுத்தறியாத தொழிலாளிக்கும் கிளை நூலகம் என்ன வைத்திருக்கிறது என்ற கேள்வி, மரப்பெட்டியோடு திரைப்படக் கருவியையும் ஊருக்கு அனுப்பிய பரோடாவிலிருந்து இன்றும் எழுந்துகொண்டேயிருக்கிறது.