வின்டேஜ் ஸ்டோரி: திரையின் நடுவே சுற்றும் அந்த கியர் என்ன சொல்கிறது? மும்பை மழையை வைத்து ஒரு விளக்கம்

நல்ல இடமாகப் பார்த்து வீடு கட்டியாச்சு. பக்கத்திலேயே தண்ணீர், களிமண், கொஞ்சம் தள்ளி காடு. ஆனால் வீட்டுக்குள் சும்மா நிற்கும்போதே திரை துருப்பிடித்த நிறத்துக்கு மாறுகிறது. கொஞ்ச நேரத்தில் டிரிஃப்டர் எனப்படும் அரக்க உருவங்கள் பக்கத்திலேயே முளைக்கின்றன. நீங்கள் எந்தத் தப்பும் பண்ணவில்லை. கட்டிய இடம்தான் பிரச்னை.

அனேகோ ஸ்டூடியோஸ் 2016 முதல் வெளியிட்டு வரும் 'வின்டேஜ் ஸ்டோரி' ஒரு சர்வைவல் கேம். பசி, குளிர், காயம் எல்லாம் சுலபமாகப் புரிந்துவிடும். புதிதாக ஆடுபவர்களைக் குழப்புவது 'டெம்போரல் ஸ்டெபிலிட்டி'. தமிழில் 'கால நிலைத்தன்மை' எனலாம். பெயரைக் கேட்டாலே தலை சுற்றும். உண்மையில் மூன்று தனித்தனி விஷயங்கள் ஒரே மாதிரிப் பெயர்களில் வருவதுதான் குழப்பத்துக்குக் காரணம். மாட்டுங்காவிலோ தாராவியிலோ ஒரு மழைக்காலம் இருந்தவர்களுக்கு இந்த மூன்றும் ஏற்கெனவே தெரியும்.

முதலில் இடம்

கிங்ஸ் சர்க்கிள், காந்தி மார்க்கெட் பகுதி சுற்றுப்புறத்தைவிடத் தாழ்வானது. பலத்த மழை என்றால் அங்கே தண்ணீர் தேங்கும். வெயில் நாளில் அதே தெருவில் நடந்தால் எதுவும் தெரியாது. கேமிலும் இதே கதைதான். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நிலைத்தன்மை அளவு உண்டு. புல்வெளியா, காடா என்று பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. நிலத்துக்கு அடியில் ஆழம் போகப் போக அளவு குறையும். சுரங்கம் தோண்டும்போது நிலைத்தன்மை இறங்குவது இதனால்தான்.

அடுத்து நீங்கள். தாழ்வான தெருவில் கால் வைத்த உடனே யாரும் மூழ்குவதில்லை. நிற்க நிற்கத்தான் நனைவோம். உயிர் பட்டைக்கும் பசி பட்டைக்கும் நடுவே இருக்கும் நீலப்பச்சை கியர் இரண்டு தகவலைச் சேர்த்துச் சொல்கிறது. அதில் நிறம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது உங்கள் கையிருப்பு. எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பது நீங்கள் நிற்கும் இடத்தைப் பற்றியது. கடிகார முள் திசையில் சுற்றினால் இடம் நல்லது, இருப்பு ஏறும். எதிர்த்திசையில் சுற்றினால் கரையும். பலர் நிறத்தை மட்டும் பார்த்து, "முழுசா இருக்கே" என்று அஸ்திவாரம் போட்டுவிடுகிறார்கள். வங்கிக் கணக்கில் பணம் இருக்கிறது என்பதற்காக மாதச் செலவு கட்டுக்குள் இருக்கிறது என்று அர்த்தமா? முதல் கல் வைப்பதற்கு முன் அந்த இடத்தில் அசையாமல் நின்று கியர் சுற்றும் திசையைப் பாருங்கள். அரை நிமிட வேலை.

இழந்த இருப்பை மீட்க, நல்ல இடத்துக்குப் போய் நின்றாலே போதும். டிரிஃப்டர்களைக் கொன்றாலும் கொஞ்சம் ஏறும். அவசரத்துக்கு, 'டெம்போரல் கியர்' என்ற அரிய பொருளையும் கத்தியையும் சேர்த்துப் பயன்படுத்தினால் நிலைத்தன்மை கூடும். விலை, உங்கள் சொந்த ரத்தம்.

புயல் வேறு, இடம் வேறு

மூன்றாவது விஷயம் 'டெம்போரல் புயல்'. இது நேரம் சம்பந்தப்பட்டது. மும்பையில் பலத்த மழையும் 4.5 மீட்டரைத் தாண்டும் ஹை டைடும் ஒரே நேரத்தில் வந்தால், வடிகால் தண்ணீர் கடலுக்குள் போக வழியில்லாமல் தேங்கும். மித்தி நதியும் ஏறும். தாராவிக்காரர்கள் மழைக் கணக்கோடு கடல் கணக்கையும் பார்ப்பது அதனால்தான். ஹை டைட் நாட்களின் பட்டியலை மாநகராட்சி முன்கூட்டியே வெளியிடுகிறது. கேமும் சாட் பகுதியில் முன்கூட்டியே எச்சரிக்கிறது. வந்துவிட்டால் நல்ல இடம், கெட்ட இடம் என்ற வித்தியாசமில்லை. விளக்கு எரியும் அறைக்குள்ளேயே டிரிஃப்டர்கள் தோன்றும். வழக்கமான அமைப்பில் படுத்துத் தூங்கி நேரத்தைத் தள்ளவும் முடியாது. "வீடு கட்டிய இடம் சரியில்லையோ?" என்று அப்போது வீட்டை மாற்றாதீர்கள். புயல் போனதும் கியரைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இந்த ஒப்பீடு ஓரிடத்தில் உடைகிறது. கேமின் புயல் உலகம் முழுவதையும் ஒரே நேரத்தில் பிடிக்கும். மும்பை மழை அப்படியில்லை: 2005 ஜூலை 26-ல் சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. பெய்தபோது, கொலாபாவில் பதிவானது சுமார் 74 மி.மீ.

இன்னொரு வித்தியாசம் இதைவிடப் பெரியது. 2021 ஜூலை 18 அதிகாலை, செம்பூர் மாகுல் பகுதியின் பாரத் நகரில் குன்றுச் சரிவு வீடுகள் மேல் சுவர் இடிந்து பலர் உயிரிழந்தனர். கேமில் கியரைப் பார்த்துவிட்டு நாலடி தள்ளிக் கட்டலாம். ஆபத்து தெரிந்தே அங்கே குடியிருந்தவர்களுக்குத் தள்ளிக் கட்ட இடம் இல்லை.

'ரிஃப்ட்' எனப்படும் பிளவுகளையும் சிலர் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். காற்றில் மிதக்கும் இந்தச் சுழல்களின் அருகே டிரிஃப்டர்கள் வரும். தோன்றும், மறையும், இடத்தின் குணத்தைச் சொல்லாது. வெள்ளத்தில் திறந்து கிடக்கும் மேன்ஹோல் மாதிரி, ஆனால் இது கண்ணுக்குத் தெரியும். ஒதுங்கிப் போனால் போதும்.

இதெல்லாம் வேண்டாம், நிம்மதியாக விவசாயம் பார்த்தால் போதும் என்பவர்கள் புது உலகம் உருவாக்கும்போதே அமைப்புகளில் நிலைத்தன்மையையும் புயலையும் தனித்தனியாக அணைத்துவிடலாம். ஒன்றை அணைத்தால் மற்றதும் போய்விடும் என்று நினைக்காதீர்கள். ஏற்கெனவே கெட்ட இடத்தில் வீடு கட்டிவிட்டீர்களா? இடிக்க வேண்டாம். அதைச் சாமான் அறையாக வைத்துக்கொண்டு, அடுப்பையும் படுக்கையையும் கியர் சரியாகச் சுற்றும் இடத்துக்கு மாற்றினால் போதும். பல நேரம் அது ஒரு நடைதூரத்திலேயே இருக்கும்.